வாடை இருக்கு, எறங்காதீங்க

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி முடிந்த கையோடு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மணமேல்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் நடந்தது இது. அதைச் சொல்வதற்கு முன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த கூத்து உங்களுக்குப் புரியாது.

புதுக்கோட்டையில் ஒரு பார்சல் சர்வீஸில் புக்கிங் கவுண்டரில் எனக்கு வேலை. மூட்டையோடு வருகிறவர் "அறந்..." என்று ஆரம்பித்தாலே போதும், "அறந்தாங்கியா? பெய்டா, டூபேயா, பணம் யாரு கட்டுறது? உள்ள என்ன, துணியா?" என்று பில்லில் பாதியை எழுதியிருப்பேன். பின்னால் வரிசை நிற்கும். ஒவ்வொருவர் பேசி முடிக்கும்வரை கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். இப்படியே பல வருடம் ஓட்டியதில், யார் வாயைத் திறந்தாலும் மீதியை நானே முடித்துவிடுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலும் சரியாகத்தான் முடிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தார். நாள் முழுக்கச் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு பேசாமல் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஏதாவது ஒரு கண்மாய்க்குப் போய், அங்கேயும் பேசாமல் இருப்பார். சாயங்காலம் இரண்டு கெண்டையோ ஒரு விராலோ கொண்டுவருவார். வெறும் கையோடு வருகிற நாள்தான் அதிகம். "மார்க்கெட்டுல வாங்கினா அரை மணி நேரம், இதுக்கு ஒரு நாளா?" என்று நான் கேட்காத ஞாயிறு இல்லை. அவர் சிரித்துக்கொண்டே ரீலுக்கு எண்ணெய் போடுவார்.

ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்கள். வலது கையும் வலது காலும் பலம் இழந்துவிட்டன. பேச்சு போகவில்லை, ஆனால் மெதுவாகிவிட்டது. மனசுக்குள் எல்லாம் தெளிவாக இருக்கும், நாக்குக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். ஒரு சொல்லைப் பிடிக்க முகம் சிவக்க அவர் போராடுவதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. "தண்ணியா? இந்தாங்க. ஃபேனா? போட்டுட்டேன்" என்று உடனே முடித்துவிடுவேன். அவருக்குச் சிரமத்தைக் குறைக்கிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கடையை மூடினோம். ஒரு வருடத்துக்கும் மேல் அவர் தூண்டிலைத் தொடவே இல்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்தவர்தான், கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள், பிடித்த வேலையாக இருந்தால் நல்லது என்றார். பரணிலிருந்து தூண்டில் கம்பை இறக்கினேன். வலது அக்குளில் கம்பை இடுக்கிக்கொண்டு இடது கையால் ரீலைச் சுற்றினார். அன்றைக்கு அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, இனி ஞாயிற்றுக்கிழமை முணுமுணுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். முணுமுணுக்காததோடு முடியவில்லை. ஒற்றைக் கையால் முள்ளில் புழு கோர்க்க முடியாதே, அந்த வேலையும் என்னிடம் வந்தது. மண்புழுவைத் தொட்டுக் கோர்க்க வேண்டியிருக்கும் என்று கல்யாணத்தின்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. கண்மாய் எல்லாம் நிறைந்து கலுங்கு வழிந்தது. ஊருக்கே சந்தோஷம், தூண்டில்காரர்களுக்கு மட்டும் திண்டாட்டம். புதுத் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து டீ மாதிரி கலங்கிக் கிடந்தது. அந்தக் கலங்கலில் மீனுக்கு இரை தெரியாது, தெரிந்தாலும் தேவைப்படாது, ஓடிவருகிற தண்ணீரிலேயே தீனி வந்துவிடும் என்று அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் பேசிக்கொண்டார்கள். இரண்டு மூன்று ஞாயிறு போய்ப் பார்த்தோம். தக்கை அசையவில்லை. என்னைக் கொசு கடித்ததுதான் மிச்சம்.

அதே குரூப்பில் ஒருவர், மழைத் தண்ணீர் கடலில் போய்ச் சேருகிற இடத்தில் கொடுவா மீன் நன்றாக அடிக்கிறது, உயிர் இறால் போட்டால் எடுக்கிறது என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். இவர் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் அதே அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தால், இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிற மனுஷன் எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார்: "கடலுக்கு ஒரு தடவை போயிட்டு வருவமா? ரொம்ப ஆசையா இருக்கு." இடது கை ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியது. இதை வாயால் கேட்டால் என்னவாம் என்று கிண்டல் செய்தேன். அவர் அந்தக் குரல் பதிவை மறுபடி போட்டார்.

அறந்தாங்கிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மணமேல்குடிக்கு ஒரு பஸ், பிறகு ஒரு ஆட்டோ. வழியில் ஒருவரிடம் சொல்லி வைத்து உயிர் இறால் வாங்கி, தண்ணீர் ஊற்றிய டப்பாவில் எடுத்துக்கொண்டோம். ஆட்டோக்காரர் எங்களைக் கரையில் இறக்கிவிட்டு, மத்தியானம் போன் செய்யச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

எங்கள் பக்கத்துக் கடலைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும். அலை கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் முழங்கால் தண்ணீர், அடியில் சேறு. அன்றைக்குத் தண்ணீர் உள்வாங்கிக் கிடந்தது. கரைக்கு எதிரே ஒரு மணல் திட்டு வெளியே தெரிந்தது. கரைக்கும் திட்டுக்கும் நடுவே கணுக்கால் அளவுக்கு ஒரு ஓடை. அந்தத் திட்டின் முனையில்தான் ஆற்றுத் தண்ணீர் கடலில் கலக்கிறது, அங்கே நின்று போட்டால் மீன் நிச்சயம் என்று குரூப்பில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். நாட்டுப் படகுகள் எல்லாம் கரையேறி வரிசையாக நின்றன. ஞாயிற்றுக்கிழமை லீவு போல என்று நினைத்துக்கொண்டேன்.

கரையில் கடல்பாசி ஒதுங்கி அழுகிக் கிடந்தது. ஒரு பக்கம் கருவாடு காய்ந்தது. ஆட்டோவில் வரும்போதே குளிருக்காகச் சேலைத் தலைப்பை மூக்கோடு சேர்த்துப் போர்த்தியிருந்தேன், அதை எடுக்கவில்லை. ஒரு படகின் மறைவில் உட்கார்ந்து ஒரு அம்மா நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். தூண்டில் கம்பையும், தாங்கித் தாங்கி நடக்கிற என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்கிட்டுக்கா போறீங்க? இன்னைக்கு வாடை இருக்கு. எறங்காதீங்க."

எங்கள் ஊரில் வாடை என்றால் அது மூக்கு சம்பந்தப்பட்ட விஷயம். பாவம், வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்போமோ என்று அந்த அம்மா கூச்சப்படுகிறார் என்று எனக்குப் பட்டது. அவரைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று, இருக்கிற அன்பையெல்லாம் குரலில் சேர்த்துக்கொண்டு சொன்னேன்.

"அதனால என்னங்க, மீன் பிடிக்கிற எடம்னா கவிச்சி அடிக்கத்தானே செய்யும். நாங்க பொறுத்துக்கிருவோம்."

அந்த அம்மாவின் முகம் சட்டென்று மாறியது. குனிந்து வலையை எடுத்துக்கொண்டார். நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னதற்கு இந்தப் பெண் ஏன் முகத்தைத் திருப்புகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்தார்.

"வா... வாடை... ன்னா..." என்று ஆரம்பித்தார்.

"ஆமாங்க, வாடைதான். செத்த நேரத்துல பழகிரும், வாங்க" என்று முடித்துவிட்டு, அவரைக் கைத்தாங்கலாக ஓடைக்குள் இறக்கினேன். நடுவில் நின்று இன்னொரு முறை "இல்ல... வா..." என்றார். வாடி என்று என்னை அவசரப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு, "வாரேன், வாரேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு திட்டின் முனையைப் பார்த்தார். அந்தப் பக்கமாகவே காலை எடுத்து வைத்தார்.

திட்டில் மடக்கு நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்தேன். இறாலை முள்ளில் கோர்த்துக் கொடுத்தேன். இடது கையாலேயே வீசினார். முதல் வீச்சு காலடியில் விழுந்தது, இரண்டாவது கொஞ்சம் தள்ளி. நாலாவதோ ஐந்தாவதோ, ஆற்றின் கலங்கலும் கடலின் பச்சையும் கோடு பிரித்த மாதிரி சேருகிற இடத்தில் சரியாகப் போய் விழுந்தது. எனக்குத் தூண்டில் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் அது நல்ல வீச்சு என்று அவர் தோளைப் பார்த்தே தெரிந்தது.

வடக்கேயிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. முதலில் சுகமாகத்தான் இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். கொஞ்ச நேரத்தில் தலைப்பு படபடவென்று அடித்துக்கொண்டது. டிபன் மூடி பறந்தது, ஓடிப்போய் எடுத்துவந்தேன். கடல் என்றால் காற்று இருக்கும்தானே என்று இருந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் கம்பு வளைந்தது.

அவர் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. நான் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். கம்பை அக்குளில் இறுக்கிக்கொண்டு சுற்றினார், விட்டுக் கொடுத்தார், மறுபடி சுற்றினார். கடையில் செம்புக் கம்பி சுற்றும்போது இருந்த அதே நிதானம். மீன் ஒரு தடவை தண்ணீருக்கு மேலே எகிறி விழுந்தது. எனக்கு வாய் ஓயவில்லை, விடாதீங்க விடாதீங்க என்று கத்திக்கொண்டே இருந்தேன். கடைசியில் திட்டின் ஓரத்துக்கு வந்து சேர்ந்தது, முழங்கை நீளத்துக்கு ஒரு கொடுவா. தலைப்பால் சுற்றிப் பிடித்துக் கோணிப்பைக்குள் போட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். ஒரு மீனுக்கு இரண்டு பேர் அழுதது இதுதான் முதல் முறையாக இருக்கும்.

அவர் திரும்பி எனக்குப் பின்னால் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"பின்... பின்னா..."

"பின்னாடிதான் வச்சிருக்கேன், பையில பத்திரமா இருக்கு."

"இல்ல... தண்..."

"தண்ணியா? இந்தாங்க" என்று பாட்டிலை நீட்டினேன்.

அவர் பாட்டிலைத் தட்டிவிட்டார். பிறகு தன் இடது கையால் என் தாடையைப் பிடித்து, கழுத்தோடு திருப்பினார்.

ஓடையைக் காணவில்லை. நாங்கள் கணுக்கால் நனைய நடந்துவந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் அகலமாகத் தண்ணீர் நெளிந்துகொண்டிருந்தது. கரை தூரத்துக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. நாங்கள் வரும்போது பெரிய மைதானம் போலக் கிடந்த திட்டு, ஒரு வீட்டு முற்றம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மடக்கு நாற்காலியின் பின்னங்கால்கள் தண்ணீரில் நின்றன.

அளந்து பார்க்கலாம் என்று நான் மட்டும் ஓடைக்குள் இறங்கினேன். நாலு எட்டு வைப்பதற்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. அதைவிட மோசம் அடியிலிருந்த சேறு. முழங்கால் வரை உள்ளே இழுத்தது. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் இறங்கியது. செருப்பு சேற்றோடு போய்விட்டது. எப்படியோ கையை ஊன்றித் திட்டுக்கே திரும்பி வந்து விழுந்தேன். இரண்டு காலும் நன்றாக இருக்கிற எனக்கே இந்தக் கதி. இவரை எப்படிக் கூட்டிப்போவேன்?

கத்தினேன். காற்று என் சத்தத்தைத் தெற்கே அள்ளிக்கொண்டு போனது. ஆட்டோக்காரருக்குப் போன் செய்தேன். காற்று இரைச்சலில் அவருக்கு நான் பேசியது எதுவும் விளங்கவில்லை, மத்தியானம்தானே வரச் சொன்னீங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் என் பேச்சை முழுதாகக் கேட்கவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பயத்தில் என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அதனால்தான் அவர் பேசியதை முழுசாகக் கேட்டேன்.

"நீ... மட்டும்... மெதுவா... போயிரு. நான்... இங்ஙனயே... இருக்கேன். பயமில்ல."

அவருக்கு அதைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானதோ தெரியாது. அந்த நேரத்துக்குள் தண்ணீர் எங்கள் பாதத்துக்கு வந்திருந்தது. அவர் கண்ணில் உண்மையாகவே பயம் இல்லை. என்னை அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவுமில்லை. போகமாட்டேன் என்று அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெளியூரில் வேலை பார்க்கிற எங்கள் பையனையும், அவனுக்கு இந்தச் செய்தியை யார் சொல்வார்கள் என்பதையும் நினைத்துக்கொண்டேன்.

கரைப் பக்கம் வெள்ளையாக ஏதோ அசைந்தது. தெர்மாகோல் மிதவை. கெட்டியான தெர்மாகோலைச் சாக்கில் வைத்துத் தைத்து, மேலே பலகை கட்டி, கரையோரத்தில் நண்டு வலை போட வைத்திருப்பார்கள். அதைத் தள்ளிக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் காலைப் பரப்பி உதைத்தபடி ஒரு ஆள் வந்தது. கிட்டே வந்ததும்தான் தெரிந்தது, காலையில் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த அம்மா.

என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக என் வீட்டுக்காரரின் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணே, ஒங்களுக்கு எந்தக் காலு பெலமா இருக்கும்?"

எடது என்று சொல்ல என் வாய் திறந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து ஒரு கையை லேசாக உயர்த்தினார். அவ்வளவுதான், நான் அடங்கிவிட்டேன். காற்று அடிக்கிறது, தண்ணீர் ஏறுகிறது, மிதவை அவர் கையை இழுக்கிறது. அவர் அவசரப்படவே இல்லை. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எ... எட... எடது."

"சரிண்ணே. அப்ப அதை ஊண்டி, இந்தப் பலகையில குப்புறப் படுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

இவர் படுத்தார். எனக்கு, சேற்றில் காலை ஊன்றாமல், மிதவையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு காலைத் தண்ணீரின் மேலேயே விட்டுவிடச் சொன்னார். மடக்கு நாற்காலியை விட்டுவிட்டோம், கம்பையும் விட்டுவிட்டோம். பாதித் தண்ணீரில்தான் கவனித்தேன், குப்புறப் படுத்திருந்தவரின் இடது கையில் கோணிப்பை இருந்தது. அந்த நிலையிலும் மனுஷன் மீனை விடவில்லை. கரையில் நாலைந்து பேர் ஓடிவந்து எங்களை இழுத்துக்கொண்டார்கள்.

அந்த அம்மா தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். எனக்குத் தன்னுடைய சேலை, இவருக்கு ஒரு கைலி, ஆளுக்கொரு டம்ளரில் பாலில்லாத சூடான வறக்காப்பி. எனக்குப் பல் தந்தியடித்தது. கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் மட்டும் வராவிட்டால் என்று ஆரம்பித்து அழுதுவிட்டேன். அவர் என்னை அழவிட்டார். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"காலையிலயே சொன்னேன்லக்கா, வாடை இருக்கு, எறங்காதீங்கன்னு. நீங்க எங்க ஊரு கவிச்சி அடிக்குதுன்னுட்டீங்க."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அந்த அம்மாவுக்கும் அப்போதுதான் விஷயம் பிடிபட்டது போல. "வாடைன்னா வடக்குக் காத்துக்கா" என்றார். அது பலமாக விழுந்துவிட்டால் வெளியே கிடக்கிற தண்ணீரை எல்லாம் கொண்டுவந்து இந்தக் கரையில் ஏற்றும், திட்டு முங்கிப்போகும், அதனால்தான் அன்றைக்குப் படகு ஒன்றும் போகவில்லை என்று விளக்கினார். வானொலியில் வாடைக்காற்று வாடைக்காற்று என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். காற்று என்ற சொல் சேர்ந்து வராததால் எனக்கு மூக்குதான் ஞாபகம் வந்திருக்கிறது. மூக்கை மூடிக்கொண்டு நின்று அந்த அம்மாவிடம் நான் சொன்னதை நினைத்தபோது, கடலிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"கோவமாத்தான் இருந்துச்சு. எக்கேடும் கெட்டுப் போங்கன்னுகூட நெனச்சேன். ஆனா அண்ணனுக்கு வெளங்கிருச்சுன்னு தெரிஞ்சது. ரெண்டு தரம் ஒங்ககிட்ட சொல்ல வந்தாரு, நீங்க சொல்ல விடலை. இருந்தாலும் எப்படியும் சொல்லித் திரும்பிருவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க திரும்பவே இல்ல."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கடற்கரை அவருக்குப் புதிதில்லை, உடம்பு நன்றாக இருந்த நாளில் நண்பர்களோடு வந்திருக்கிறார், வாடை என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கைலியைச் சரிசெய்துகொண்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். பிறகு மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, மூன்றாம் தரம் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் தனக்கும் அந்தத் திட்டுக்குப் போக ஆசையாக இருந்தது என்றார். பழியில் பாதியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டார். அவர் எப்போதுமே அப்படித்தான்.

கொடுவாவை அந்த அம்மாவிடமே கொடுத்தோம், வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அண்ணன் ஒத்தைக் கையால் பிடித்தது, வீட்டில் கொண்டுபோய்க் குழம்பு வைத்துக் கொடுங்கள் என்றார். குடலை எடுத்துக் கழுவி, ஐஸ் போட்டு, பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு பக்கெட்டில் வைத்து மூடினார். ஆட்டோவில் ஏறும்போது பக்கெட்டை என் மடியில் வைத்துவிட்டு, முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நல்லா இறுக்கிக் கட்டியிருக்கேன். பஸ்ல கவிச்சி அடிக்காதுக்கா."

அதற்கு மேல் அவராலும் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். ஆட்டோக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அறந்தாங்கியில் புதுக்கோட்டை பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. கடலுக்குப் போகலாமா என்பதை ஏன் அன்றைக்கு மெசேஜில் கேட்டீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. இரண்டு மூன்று பதில்கள் என் வாயில் தயாராக இருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று, ஆள் ஏற்றி, மறுபடி கிளம்பியது.

"போன்ல... நீ... நடுவுல... முடிக்க... மாட்டேல்ல."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னார். நான் மடியிலிருந்த பக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர்தான் சொன்னார், "புது... புதுக்..." என்று. கண்டக்டர் முடிப்பதற்குள் நான் கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னேன். திட்டில் அந்த அம்மா என்னிடம் காட்டிய அதே மாதிரி. "புதுக்கோட்டை ரெண்டு" என்று அவரே முடித்தார்.

இப்போதும் நாங்கள் அந்தக் கரைக்குப் போகிறோம். புதுக் கம்பு வாங்கியாகிவிட்டது. திட்டுக்கு மட்டும் போவதில்லை, அந்த அம்மா வீட்டுக்கு எதிரே கரையில் உட்கார்ந்தே போடுகிறார். ஐப்பசி பிறந்துவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் அந்த அம்மாவிடமிருந்து போன் வரும். நான் எடுத்தால் நலம் விசாரித்துவிட்டு, அண்ணனிடம் கொடுங்கள் என்பார். வாடை விழுந்திருக்கிறதா, தண்ணீர் தெளிந்திருக்கிறதா, கொடுவா இருக்கிறதா, மடவை இருக்கிறதா என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். இவர் ஒரு கேள்வி கேட்க ஆகிற நேரத்தில் நான் ஒரு பானை சோறு வடித்துவிடலாம். அந்தப் பக்கத்தில் அந்த அம்மா அவ்வளவு நேரமும் காத்திருப்பார்.

கவுண்டரில் இன்னமும் நான் அவசரக்காரிதான், வண்டி யாருக்காகவும் நிற்காது. ஆனால் வீட்டில் அவர் வாயைத் திறந்தால் என் கைவேலை நின்றுவிடுகிறது. சாம்பார் தீய்ந்த நாளும் உண்டு. நான் முந்திக்கொண்டு முடித்த வாக்கியங்களில் அவர் உண்மையில் சொல்ல வந்தது என்னென்ன என்று இனிமேல் எனக்குத் தெரியப்போவதில்லை. இனி வருகிற வாக்கியங்களையாவது அவரே முடிக்கட்டும்.